பத்து மீற்றருக்கு முன் ஐந்து மீற்றர்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

பேரனை அங்குள்ள சுடுதல் சங்கத்தில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர். ஜேர்மன் சட்டப்படி 12 வயது நிறைந்த பிள்ளை, பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு, பொறுப்பான ஒருவர் பக்கத்தில் நிற்க, சங்கத்துக்குள் காற்றுத் துவக்குச் சுடலாம். இவனுக்கு 13 ஆகிவிட்டது. அம்மாவுக்குத்தான் துவக்கு என்றதும் முகம் மாறிவிட்டது. சண்டைக் காலம் பார்த்த சனத்துக்கு அது மாறத்தான் செய்யும்.

அதனால் ஒழுங்கு முதலில். சன்னம் (சின்னக் குண்டு) உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் துவக்கின் குழல் எப்போதும் இலக்குப் பக்கமே பார்க்க வேண்டும். குறி பிடிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே. முன்னால் ஆள் போனால் துவக்கு மேசையில், கை எடுத்தபடி. எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. சன்னம் ஈயம் என்பதால் சுடும் இடத்தில் தின்னக் கூடாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். இதில் ஒன்றை மீறினால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது என்று முதல் நாளே சொல்லிவிடு.

இனி, பிள்ளைகள் ஏன் இரண்டாம் மாதமே விட்டுப் போகிறார்கள் என்று சொல்கிறேன். போட்டிக்கான இலக்கு மட்டையை 10 மீற்றரில் தொங்கவிட்டு, ஒற்றைக் கையால் சுடு என்கிறார்கள். மட்டை 17 செ.மீ. சதுரம், அதில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மி.மீ., ஒரு புளியங்கொட்டை அளவு. அவன் சுடப்போகும் காற்றுப் பிஸ்டல் ஒரு கிலோ பாரம் இருக்கும். ஒன்றும் படாது, பட்டதும் அவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைக்கு அலுக்காமல் என்ன செய்யும்?

5 மீற்றரில் தொடங்கு. கதிரையில் இருத்தி, மேசையில் மணல் பை வைத்து, மணிக்கட்டை அதில் சாய்க்கச் சொல். குழலைப் பையில் வைக்க விடாதே, வெடிக்கும்போது துள்ளிவிடும். மட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைக் காட்டு. வட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. வெள்ளையின் நடுவைப் பார்த்து 5 வெடி. பிறகு மட்டையை எடுத்து, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்று அவனையே அளக்கச் சொல். எங்கே விழுந்தது என்பது பிறகு. குறி பார்க்கக் குழலின் நுனியில் நிற்பது முன்குறி, கண்ணுக்குக் கிட்ட இருப்பது பின்குறி; பின்குறியின் திருகைத் திருப்பி அதைச் சரிசெய்துவிடலாம். சிதறலைத் திருகு தீர்க்காது.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது. பின்குறியின் சதுர வெட்டுக்குள் முன்குறி நிற்க வேண்டும்: மேல் விளிம்பு சமம், இரு பக்கமும் வெளிச்சம் சமம். கண் முன்குறியில் கூர்மையாக இருக்க, மட்டை மங்கலாகத் தெரிய வேண்டும். பிள்ளைகள் மட்டையைத்தான் பார்ப்பார்கள். இரு குறிகளுக்கும் இடைவெளி 32 செ.மீ. என்று வை, முன்குறி வெட்டுக்குள் 1 மி.மீ. விலகினால் 10 மீற்றரில் சன்னம் 3 செ.மீ. அளவு விலகி, மட்டை நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின் விளிம்புக்கே போய்விடும். கை முழுவதும் 1 மி.மீ. அசைந்தாலோ சன்னமும் அதே 1 மி.மீ.தான் அசையும். "கை ஆடுது" என்று அழுதால் இதைத் தாளில் கீறிக் காட்டு. ஆட்டம் எல்லோருக்கும் உண்டு. குறிகள் இரண்டும் ஒழுங்காக நிற்க, விசையை மெல்ல நேர் பின்னால் இழுத்தால் போதும். வலக்கைக்காரனுக்குத் துளைகள் இடது கீழே கூடினால், விரலோடு முழுக் கையையும் சேர்த்துப் பொத்துகிறான் என்று அர்த்தம். சுடாத கண்ணை மூட விடாதே, முகம் களைத்துவிடும்; கண்ணாடியில் அந்தப் பக்கம் மங்கலான ரேப் ஒட்டு.

துளைகள் 5 செ.மீ.க்குள் வரத் தொடங்கினால் விளையாட்டு. பலூன்தான் முதல். கைமுட்டி அளவுக்கு ஊதி, சன்னம் பிடிக்கும் பெட்டிக்கு முன் மட்டையில் மூன்றை ஒட்டு. மூன்றுக்கும் மூன்றே சன்னம். இறுக்கமாக ஊத வேண்டும், தொய்ந்த பலூன் வெடிக்காமல் காற்றுத்தான் போகும். சித்திரை வருசத்து முட்டி உடைத்தல் மாதிரி என்று உண்மை முட்டி, போத்தல், ரின், சிரட்டை எதையும் வைத்துவிடாதே. ஈயமோ உடைந்த துண்டோ திரும்பி வரும்.

இன்னொன்று விளையாட்டுக் கடுதாசி (சீட்டு). பழைய கட்டில் ஒரே சின்னத்து 8 கடுதாசியை, 7 முதல் ஏஸ் வரை, கலைத்து ஒட்டு. நம்ம 304 கடுதாசி விளையாட்டின் கணக்கேதான்: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஆளுக்கு 5 சன்னம். எதைச் சுடப்போகிறான் என்று வாயால் சொல்லிவிட்டுச் சுட வேண்டும், ஒரு கடுதாசிக்கு ஒரு தடவைதான் புள்ளி. ஆகக் கூடியது 74. மருமகனும் சேர்ந்து விளையாடட்டும். சொல்லிச் சுடும்போது பிள்ளை அவசரப்படாது, அதற்காகவே எனக்கு இது பிடிக்கும்.

ஒரு நாளைக்கு 40 வெடிக்கு மேல் வேண்டாம், ஐந்துக்கு ஒரு தடவை கையைத் தொங்கவிட்டு ஆறட்டும். குறி பிடித்து 10 விநாடிக்குள் வெடி போகவில்லையென்றால் இறக்கிவிட்டு மூச்செடுக்க வேண்டும். சுடாமல் இறக்கியதற்கு நீ வாய்விட்டுப் பாராட்டு. வளர்ந்தவர்களுக்கே அது வராது. இன்னும் சுடக் கேட்கும்போதே நிறுத்து. 5 மீற்றர் வசப்பட்டால் 7, பிறகு 10, அதற்குப் பிறகே எழுந்து நின்று ஒற்றைக் கை. போட்டியில் 75 நிமிடத்தில் 60 வெடி என்று கேள்விப்பட்டு ஆசைப்படுவான். அதற்கு ஒரு வருடம் போகட்டும்.

பிறகு, மருந்துத் தோட்டா வெடிக்கும் .22 பிஸ்டல் கேட்பான். 14 வயதுக்கு முன் சட்டமே விடாது, அது நல்லதுதான். சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயந்து கண் வெட்டப் பழகிவிட்டால் அந்தப் பழக்கத்தை எடுப்பது பெரும்பாடு.

பிடி அவன் கைக்கு அளவானதா என்று பயிற்றுநரிடம் கேள்; சிறிய அளவுப் பிடி சங்கத்தில் இருக்கக்கூடும். முதல் மட்டைகளை எறியாதே. பின்னால் திகதியும் தூரமும் எழுதி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பு. துளைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து, அடுத்த கிழமைக்கு என்ன செய்வதென்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா