மூன்றாம் நாள் மருந்தும் குட்டைத் தவளையும்

மத்திய பூச்சிக்கொல்லிப் பதிவுக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவன் நான். புரட்டாசி மழைக்கு விதை ஊன்றி, மூன்றாம் நாள் ஈரம் காய்வதற்குள் அட்ரசின் என்கிற களைக்கொல்லியை அடித்துவிடுவோம். களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் அது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். டேங்க்கை நிரப்புவது ஓடைக் குட்டையில், கழுவி ஊற்றுவதும் அங்கேயே. அதே மழைக்குத்தான் தவளைகள் ராத்திரி முழுக்கக் கத்தி அந்தக் குட்டையில் முட்டையிடுகின்றன, கொஞ்ச நாளில் கரையோரம் கறுகறுவென்று தலைப்பிரட்டை மொய்க்கும், அடுத்த மழைக்கு எங்கள் காட்டுத் தண்ணீர் அதன்மேல்தான் வந்து இறங்கும்.

அமெரிக்காவில் டைரோன் ஹேய்ஸ் என்கிற உயிரியல் ஆய்வாளரின் குழு 2010இல் வெளியிட்ட சோதனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பிறப்பால் ஆணான 40 ஆப்பிரிக்கத் தவளைகளைத் தலைப்பிரட்டையிலிருந்தே அட்ரசின் கலந்த தண்ணீரில் வளர்த்தார்கள். அளவு, ஆயிரம் லிட்டருக்கு வெறும் 2.5 மில்லிகிராம். நூற்றுக்குப் பத்து பெண்ணாகவே மாறி, வேறு ஆணோடு சேர்ந்து முட்டையும் போட்டன. ஆணாகவே இருந்தவற்றுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைந்து, விந்தணு குறைந்து, பெண்ணைத் தேடிப் போகிற நாட்டமும் மங்கிப்போனது. மருந்துக் கம்பெனி இதை ஒத்துக்கொள்ளவில்லை, அதற்கு முன்பே 2007இல் அமெரிக்க அரசும் தவளைக்குக் கெடுதல் இல்லை என்றுதான் சொல்லியிருந்தது. சரி, அந்தத் தகராறு ஒருபக்கம் இருக்கட்டும். 2011இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, மீன், தவளை, ஊர்வன, பாலூட்டி என எல்லாவற்றின் விந்தகத்திலும் ஒரே மாதிரிச் சேதம் தெரிகிறது என்று எழுதினார்களே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அட்ரசினை விலக்கிவிட்டது.

இங்கே 2020 மே மாதம் தடைசெய்வதற்கென்று வந்த 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் அட்ரசினும் இருந்தது. 2023இல் வந்த தடை ஆணையில் இல்லை. ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் காரணத்தைத் தமிழில் வெளியிடுங்கள். அப்புறம், மக்காச்சோளம் விளைகிற வட்டாரத்துக் குட்டைகளில் மருந்து அடிப்பதற்கு முன்னும் பின்னும் தண்ணீரில் அட்ரசின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, நம் ஊர்த் தவளையின் விந்தகத்தையே எடுத்துச் சோதியுங்கள். எங்கள் ஆட்டுக்கிடாய்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. புரட்டாசிக்கு முன்னால் ஆள் அனுப்பினால் குட்டையை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மக்காச்சோள விவசாயி