நியூகாசில் மேலே வந்தது பணத்தால் மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து அடுத்த நிலைக்குத் தரமிறக்கப்படும் கால்பந்து அணிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிரிக்கெட்டுக்கே இடம் போதாத பக்கத்தில் இந்தப் பொருளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பெரிய அணிகள் தரமிறங்கினாலும் தரமிறங்கும் அணிகளுக்குச் சில ஆண்டுகள் தரப்படும் ‘பாராசூட்’ உதவித்தொகையின் துணையோடு மறு ஆண்டே மேலே வந்துவிடுகின்றன என்றும், 2009-10 பருவத்தின் நியூகாசில் யுனைடெட் அதற்குச் சான்று என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பருவத்தில் நான் நியூகாசிலில் முதுகலை மாணவனாக இருந்தேன். பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பொடிநடையாகப் போனால் அவ்வணியின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானம் வந்துவிடும். அந்த ஊர் அந்த ஆண்டைக் கடந்த விதத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

2009 மே 24 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், ஆஸ்டன் வில்லாவின் மைதானத்தில் 1-0 என்ற கணக்கில் தோற்றதால் நியூகாசில் தரமிறங்கியது. அந்த ஒரு கோலும் எதிரணி வீரர் அடித்த பந்து டேமியன் டஃப்பின் காலில் பட்டுத் திசைமாறி உள்ளே போனதுதான். அன்று டிரா செய்திருந்தாலே போதும். ஓர் இடம் மேலே இருந்த ஹல் சிட்டியுடன் புள்ளிகளில் சமமாகி, கோல் வித்தியாசத்தில் முந்தித் தப்பித்திருக்கும். 16 ஆண்டுகளாகப் பிரீமியர் லீக்கில் இருந்த அணி, 1996-லும் 1997-லும் இரண்டாம் இடம் பிடித்த அணி, இறுதியில் 34 புள்ளிகளோடு கீழே போனது. கடைசி 8 ஆட்டங்களுக்கு மட்டும் பொறுப்பேற்ற ஊரின் நாயகன் ஆலன் ஷியரராலும் ஒரே ஒரு வெற்றியைத்தான் பெற்றுத்தர முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த கோடைகாலத்தை நினைத்துப் பார்த்தால், மறு ஆண்டே மேலே வருவது உறுதி என்று அன்றைக்கு எவராலும் சொல்லியிருக்க முடியாது. உரிமையாளர் மைக் ஆஷ்லி 10 கோடி பவுண்டுக்கு அணியை விலைபேசிக்கொண்டிருந்தார். வாங்க ஆள் வரவில்லை. விற்பனை முடியாததால் நிரந்தரப் பயிற்சியாளரை நியமிக்கவில்லை. மைக்கேல் ஓவன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், ஓபாஃபெமி மார்டின்ஸ் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்குக்கும், செபாஸ்டியன் பசோங் டாட்டன்ஹாமுக்கும் சென்றுவிட்டனர். பருவம் தொடங்க இரண்டு வாரமே இருந்த நிலையில், ஜூலை 25 அன்று, மூன்றாம் நிலை அணியான லேட்டன் ஓரியண்டிடம் பயிற்சி ஆட்டத்தில் 6-1 என்று தோற்றார்கள். மறுநாள், முன்னாள் பயிற்சியாளர் சர் பாபி ராப்சனின் பெயரால் நடந்த அறக்கட்டளை ஆட்டத்துக்கு, புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த அவரே சக்கர நாற்காலியில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கு வந்தார். ஐந்து நாட்களில் காலமானார். நான் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோதும் அந்தத் துக்கம் ஊரைவிட்டு நீங்கியிருக்கவில்லை. ஃபென்ஹாமில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர், ஓய்வுபெற்ற கப்பல் கட்டும் தொழிலாளி, தரமிறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். ராப்சனைப் பற்றி மட்டும் கேட்காமலே பேசுவார்.

ஓரியண்டிடம் அடைந்த தோல்விக்குப் பிறகு மூத்த வீரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசியதை அவர்களில் சிலர் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். இங்கே இருக்க மனமில்லாதவர்கள் போகலாம், இருப்பவர்கள் முழுமனதோடு இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அணியின் உண்மையான திருப்புமுனை அந்த அறையில்தான் ஏற்பட்டது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். 1993 முதல் அணியில் இருந்தும் பெரும்பாலும் ஷே கிவனுக்கு மாற்றாளாகவே காலம் கழித்த கோல்கீப்பர் ஸ்டீவ் ஹார்பர், நிக்கி பட், கெவின் நோலன் ஆகியோர் பொறுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டார்கள். அர்ஜென்டினாவிலிருந்து வந்த கொலோச்சினியும் குட்டியரஸும், ஓடிப்போக எல்லாக் காரணமும் இருந்தும், இரண்டாம் நிலை லீக்கின் சேற்றுத் தரைகளில் 46 ஆட்டப் பருவத்தை ஆடச் சம்மதித்துத் தங்கினார்கள்.

அவர்களை வழிநடத்தியவர் இடைக்காலப் பொறுப்பில் இருந்த கிறிஸ் ஹியூட்டன். லண்டனில் பிறந்தவர், கானா நாட்டுத் தந்தைக்கும் அயர்லாந்துத் தாய்க்கும் மகன். எவரையும் சாடாமல், எதையும் உரக்கச் சொல்லாமல் வேலை செய்யும் இயல்புடையவர். பருவத்தின் முதல் ஆட்டத்தில், ஆகஸ்ட் 8 அன்று, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுடன் 1-1 என டிரா செய்தபோது நியூகாசிலின் கோலை அடித்தவர், வில்லா மைதானத்தில் சுய கோல் போட்ட அதே டஃப். சில நாட்களில் அவரும் ஃபுல்ஹாமுக்குப் போய்விட்டார். அடுத்த ஆட்டத்தில் ரெடிங்கை 3-0 என்று வென்றார்கள். மூன்று கோலையும் அடித்த ஷோலா அமியோபி, அந்த ஊரிலேயே வளர்ந்தவர். ஆகஸ்டில் ஆடிய 5 லீக் ஆட்டங்களில் 4 வெற்றி, 1 டிரா. நிரந்தரப் பயிற்சியாளர் இல்லாத, விற்பனைப் பலகை மாட்டப்பட்ட அணியின் கணக்கு இது.

இனிப் பணத்தின் பங்குக்கு வருகிறேன். அது உதவவில்லை என்று சொன்னால் நான் பொய்யனாவேன். சாம்பியன்ஷிப் எனப்படும் அந்த இரண்டாம் நிலை லீக்கின் அந்தப் பருவத்து அணிகளில் நியூகாசிலின் சம்பளச் செலவுக்கு அருகில் வேறெதுவும் வர முடியாது. ஆஷ்லி தன் பணத்தைக் கடனாக அணிக்குள் இறக்கி அதைத் தாங்கினார். பாராசூட் தொகையும் வந்தது. இப்போது அந்தத் தொகை, பிரீமியர் லீக் அணிகளுக்குச் சமமாகப் பகிரப்படும் ஒளிபரப்பு வருவாயில் முதலாண்டு 55 சதவீதம், அடுத்த ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 என்ற அளவில் தரப்படுகிறது. மேலே ஒரே பருவம் மட்டும் இருந்து இறங்கிய அணிக்கு மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது. கீழ்நிலை லீக்கில் பல காலமாக இருக்கும் அணிகள் இந்த ஏற்பாட்டை அநீதி என்று குறைகூறுவதில் நியாயம் இருக்கிறது. கட்டுரையாளர் அதைச் சுட்டிக்காட்டியது சரியே.

ஆனால் அதே பாராசூட் தொகை அதே ஆண்டில் மிடில்ஸ்பரோவுக்கும் போனது. நியூகாசிலிலிருந்து ரயிலில் சிறிது தூரம் தெற்கே போனால் வரும் ஊர் அது. நியூகாசில் தரமிறங்கிய அதே மே 24 அன்று தரமிறங்கிய அணி. அந்த இரு அணிகளுக்கும் 2009 அக்டோபர் 20 அன்று இரவு நேர்ந்ததைக் கட்டுரையாளர் அறிந்திருந்தால், பணம்தான் காரணம் என்று அவ்வளவு எளிதில் எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். அன்று மிடில்ஸ்பரோ டெர்பி கவுண்டியை 2-0 என்று வென்றது. புள்ளிப்பட்டியலில் நான்காம் இடம்; முதலிடத்துக்கு ஒரே ஒரு புள்ளி தூரம். ஆட்டம் முடிந்த கையோடு பயிற்சியாளர் காரெத் சவுத்கேட்டைப் பதவிநீக்கம் செய்தார்கள். அதே இரவில் நியூகாசில் ஸ்கன்தார்ப் என்ற சிறு அணியிடம் 2-1 என்று தோற்றது; மூன்று நாட்களுக்கு முன்பு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடமும் தோற்றிருந்தது. அடுத்தடுத்து இரண்டு தோல்வி கண்டிருந்த இடைக்காலப் பயிற்சியாளரை நியூகாசில் நீக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 27 அன்று, ஹியூட்டனை நிரந்தரப் பயிற்சியாளராக அறிவித்தது.

வென்ற இரவில் ஆளை மாற்றிய மிடில்ஸ்பரோ, கார்டன் ஸ்ட்ராக்கனின் கீழ் அந்தப் பருவத்தை 11-ஆம் இடத்தில் முடித்தது. பிரீமியர் லீக்குக்குத் திரும்ப அதற்கு 2016 வரை ஆயிற்று. நியூகாசிலோ ஸ்கன்தார்ப் தோல்விக்குப் பின் லீக்கில் இன்னும் ஒரே ஒரு முறை, பிப்ரவரியில் டெர்பியிடம், தோற்றது. அவ்வளவுதான். இருவரும் ஒரே நாளில் விழுந்தவர்கள், ஒரே தொகையைப் பெற்றவர்கள், ஒரே லீக்கில் ஆடியவர்கள். ஆஷ்லியின் மற்ற முடிவுகள் பலவற்றை, குறிப்பாக அந்த நவம்பரில் மைதானத்தின் பெயரோடு தன் கடையின் பெயரை ஒட்டியதை, அந்த ஊர் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அக்டோபரில் ஹியூட்டனை வைத்துக்கொண்ட முடிவு சரியானது.

பருவம் முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது: 30 வெற்றி, 12 டிரா, 4 தோல்வி, 102 புள்ளிகள். இரண்டாம் இடம் பெற்றுத் தானும் மேலே சென்ற வெஸ்ட் பிராம்விச் 91 புள்ளிகள். சொந்த மைதானத்தில் நியூகாசில் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள கேட்ஸ்ஹெட்டில் பிறந்த இளைஞர் ஆண்டி கேரலும், நோலனும் லீக்கில் ஆளுக்கு 17 கோல் அடித்தார்கள். ஹார்பர் 21 ஆட்டங்களில் கோல் எதுவும் விடாமல் காத்தார். ஏறத்தாழ 52 ஆயிரம் பேர் அமரக்கூடிய மைதானத்துக்கு, இரண்டாம் நிலை ஆட்டங்களைப் பார்க்கவும் சராசரியாக 43 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நவம்பர் மாலை ஒன்றில் பீட்டர்பரோவுடனான ஆட்டத்துக்கு வீட்டு உரிமையாளர் தன் மகனின் சீசன் டிக்கெட்டில் என்னை அழைத்துப்போனார். குளிரில் எனக்குக் கை விறைத்துப்போனது. பக்கத்தில் இருந்தவர்களோ, எதிரணியின் பெயரை முன்பின் கேட்டிராதவர்கள்போல இல்லாமல், அதன் ஒவ்வொரு வீரரையும் பெயர் சொல்லி அலசிக்கொண்டிருந்தார்கள். சின்ன அணிதானே என்ற அலட்சியத்தை நான் அங்கே எவரிடமும் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டு பிரீமியர் லீக்கில் அந்த அலட்சியம் இருந்தது என்று திரும்பி வரும் வழியில் அவரே சொன்னார். தரமிறக்கத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான்.

ஏப்ரல் 5 அன்று ஷெஃபீல்டு யுனைடெட்டுடனான ஆட்டம் தொடங்குமுன்பே, பின்னால் துரத்திவந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி டிரா செய்த செய்தி வந்து, நியூகாசில் மேலே செல்வது உறுதியாகிவிட்டது. ஆட்டத்தையும் 2-1 என்று வென்றார்கள். அரங்கம் அலைமோதியது உண்மைதான். ஆனாலும் அதை ஒரு பெரிய கோப்பையாக எவரும் கொண்டாடவில்லை. இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிவிட்டோம் என்ற நிம்மதிதான் முகங்களில் தெரிந்தது. ஏப்ரல் 19 அன்று பிளிமத் மைதானத்தில் 2-0 என்று வென்று சாம்பியன் பட்டத்தை உறுதிசெய்தபோது, அந்தத் தோல்வியோடு பிளிமத் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. ஓர் ஆண்டுக்கு முன்பு நியூகாசில் ரசிகர்கள் அழுத அழுகையை அன்று எதிரணியின் ரசிகர்கள் அழுதார்கள்.

ஹியூட்டனுக்குக் கிடைத்த பரிசையும் சொல்லியாக வேண்டும். மேலே வந்த அடுத்த பருவத்தில், பக்கத்து ஊர் எதிரியான சண்டர்லேண்டை 5-1 என்று வீழ்த்தி ஐந்து வாரமே ஆன நிலையில், அணி 11-ஆம் இடத்தில் இருந்தபோது, 2010 டிசம்பர் 6 அன்று அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். நான் அப்போது நாடு திரும்பிவிட்டேன். செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நியூகாசிலின் வருகையைப் பணத்தின் கணக்கில் எழுதும்போது அந்த மனிதரின் பங்கு இரண்டாம் முறையாக அழிக்கப்படுகிறது என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தரமிறங்கும் அணிகளின் பெயர்களை மே மாதத்தில் படத்தோடு போடுகிறீர்கள். அதன்பின் அவை மேலே வந்தால் மட்டும் இரண்டு வரி வருகிறது. இடையில் உள்ள ஒன்பது மாதங்களைப் பற்றித் தமிழில் படிக்க எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. திங்கட்கிழமை இதழில் பிரீமியர் லீக் புள்ளிப்பட்டியலுக்குக் கீழே சாம்பியன்ஷிப் பட்டியலையும் சிறிய எழுத்தில் அச்சிட்டு, அந்த ஆண்டு இறங்கிய மூன்று அணிகளைப் பற்றி மாதம் ஒரு பத்தி எழுதச் செய்தால், அதைத் தேடிப் படிக்கும் வாசகர்கள் என்னைத் தவிர இன்னும் பலர் இருப்பார்கள். தங்கள் கட்டுரையாளரே அதை எழுதினாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.