உயர்தர ஆடியோ கருவிகளை வடிவமைப்போருக்கு, செங்கோட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். லட்சங்களில் விலைபோகும் ஆம்ப்ளிஃபையர்களையும் ஸ்பீக்கர்களையும் வரைந்து, அளந்து, செய்து அனுப்புகிறவர்கள் நீங்கள். அவை ஊமையாகும்போது மூடியைக் கழற்றிப் பார்ப்பவர்கள் நாங்கள். நமக்குள் இதுவரை பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் விற்பனையாளர் நிற்கிறார். அவருக்கு வாரண்டி அட்டையைத் தவிர வேறெதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆகவே நேராக உங்களுக்கே எழுதுகிறேன். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: கருவியோடு அதன் மின்சுற்று வரைபடத்தையும் கொடுங்கள், திறந்து சரிசெய்யும்படி அதைக் கட்டுங்கள்.

எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் இந்தக் கோரிக்கை புரியும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்ப் பக்கம். ஊர் நுழைவு வளைவில் அந்தச் சமஸ்தானத்தின் சங்கு இன்னும் இருக்கிறது. மேற்கே புளியரையைத் தாண்டினால் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அங்கிருந்தும் ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். கணவாய் வழியாக ஜூனில் தென்மேற்குக் காற்று நுழைந்துவிடும். குற்றாலத்துக்குக் குளிக்க வருபவர்களுக்கு அது சாரல். உங்கள் சர்க்யூட் போர்டுக்கு அது மாதக்கணக்கில் காயாத ஈரம். ஐப்பசியில் பிற்பகல் தவறினாலும் இடி தவறாது. மலைக்கு அந்தப் பக்கம் இடியின் கோபம் இன்னும் அதிகம்.

குறை சொல்வதற்கு முன் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். அதில் கஞ்சத்தனம் எனக்கில்லை. நல்ல கருவியைத் திறந்ததும் கண்ணில் படுவது அதன் மின்வழங்கிதான். மெதுவடை போல நடுவில் துளையுள்ள டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்தில் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள் வரிசையாக. பாட்டுக் கேட்கிறவர் இதைப் பார்ப்பதே இல்லை, ஆனால் அவர் காதில் விழுவதில் பாதி இதுதான். மின்தடை 8 ஓம் என்று பின்புறம் அச்சிட்ட ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 3 ஓமுக்கும் இறங்கிவிடும். தவிலின் தொப்பியில் கழி விழுகிற கணத்தில் அது ஆம்ப்ளிஃபையரிடம் திடீரென்று நிறைய மின்னோட்டத்தைக் கேட்கும். கொடுக்க முடியாத கருவியில் அடி மழுங்கிப்போகும். 8 ஓமில் 100 வாட் தருகிற கருவி 4 ஓமில் ஏறக்குறைய 200 வாட் தருமானால் அதன் டிரான்ஸ்ஃபார்மரில் ஏமாற்று வேலை இல்லை என்று அர்த்தம். வாடிக்கையாளர் எத்தனை வாட் என்று கேட்டால், 4 ஓமில் எத்தனை என்று கேளுங்கள் என்றுதான் நான் பதில் சொல்வேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது, பத்து ரூபாய் கூடப் பெறாத ஒரு சின்ன டிரான்சிஸ்டர். வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் சூடேற ஏற அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதிகம் இழுத்தால் இன்னும் சூடேறும். கவனிக்காமல் விட்டால் கருகிப்போகும். இந்தச் சுழலை அறுக்க, சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை, அவற்றின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கிலேயே திருகி வைக்கிறீர்கள். அது சூட்டை உணர்ந்து, சும்மா இருக்கும்போதே வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்குக் கொடுத்து வைக்கும் சிறு மின்னழுத்தமான பயாஸைத் தானாகக் குறைக்கிறது. அது அங்கே தொட்டுக்கொண்டிருக்கிறதா, சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை காய்ந்து விலகிவிட்டதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதேபோல் டிசி பாதுகாப்பு ரிலே. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குப் பாயப் போகிற நேரத்தில் இணைப்பைத் துண்டித்து, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலைக் காப்பாற்றுவது அதுதான். முகப்புத் தட்டை விரற்கடைக் கனத்தில் அலுமினியத்தில் கடைந்துவிட்டு இந்த ரிலேயில் காசை மிச்சம் பிடித்த கருவிகளும் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் பொறியாளர்களா, நகைக்கடைக்காரர்களா என்று தெரியவில்லை.

இனி எங்கள் ஊரின் கணக்கு. நாட்டில் மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நடுராத்திரி பம்ப்செட்டுகள் நின்றதும் 250 வரை ஏறும். மாலையில் 190க்கு இறங்கும். நீங்கள் 220 வோல்ட்டுக்கு என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், உள்ளே 58 வோல்ட் நேர்மின்சாரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 63 வோல்ட் கண்டென்சர் போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆய்வகத்தில் அது போதும். இங்கே 250 ஏறிய இரவில் 58 கிட்டத்தட்ட 66 ஆகிவிடுகிறது. கண்டென்சர் ஒரே நாளில் வெடிப்பதில்லை. மெல்ல உப்பும், ஹம் என்ற இரைச்சல் கூடும், வாரண்டி முடிந்த பிறகு கருவி எங்களிடம் வரும். 80 வோல்ட் கண்டென்சர் போட்டிருந்தால் விலை எவ்வளவு கூடியிருக்கும்? டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் 240 வோல்ட்டுக்கென்று ஒரு தனிக் கம்பி, அதாவது டேப்பிங், எடுத்திருந்தால்? அந்த டேப்பிங் சில கருவிகளில் இருக்கவே செய்கிறது. எந்தக் கம்பி எது என்று சொல்லும் வரைபடம்தான் இல்லை.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகள் தனிக் கதை. சவுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய பெட்டியைப் புனலூரில் செருகினால், 60க்கு மட்டும் என்று அளவெடுத்துச் செய்த டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தில் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். உறுமும், சுடும், சில மாதங்களில் வார்னிஷ் வாசனை வரும். இரண்டு அதிர்வெண்ணுக்கும் ஏற்ற உள்ளகத்தைப் போடும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றின் பெட்டிகள் முப்பது வருடம் கழித்தும் பாடுகின்றன.

வெப்பத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் 10 டிகிரி கூடுதல் சூட்டில் பாதி ஆயுள்தான் வாழும் என்பது உங்கள் பாடப்புத்தகக் கணக்கு. கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையர் 25 வாட் கொடுப்பதற்குச் சும்மா இருக்கும்போதே 200 வாட்டுக்கு மேல் குடிக்கும். நார்வேயின் குளிரில் அது அறைக்கு இதமாகக்கூட இருக்கலாம். சித்திரை மாதம் எங்கள் ஊர் வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அதை வைத்துவிடுவார்கள். வைக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறதுதான், ஆனால் கையேட்டை யார் படிக்கிறார்கள்? ஹீட் சிங்குக்கு அருகில் கண்டென்சரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வைத்தாலே எத்தனையோ வருடம் கூடும்.

காற்றோட்டத் துளைகளில் வலை போடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். பல்லிக்கு உங்கள் கருவியின் சூடு பிடிக்கும். மின்வழங்கிப் போர்டில் ஏறி, தானும் செத்துக் கருவியையும் கொன்றுவிடும். எறும்பு ரிலேக்குள் போய் நசுங்கினால் ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும். முழுக்க மூடிய ரிலே போட்டால் தீர்ந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அதிர்வை அடக்கும் என்பது சரி. ஆனால் இங்கே தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கும் வீடுகள் அதிகம். அடிப்பலகையின் விளிம்பை மூடாமல் விட்டால் ஒரு மழைக்காலத்தில் ஊதி விரிந்துவிடும். தாழ்ந்த ஒலிகளைத் தரும் உஃபர் ஸ்பீக்கரின் ஓரத்தில் பாலியூரித்தேன் ஃபோம் வைத்த காலம் ஒன்று உண்டு. ஈரக்காற்றில் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. ரப்பர் ஓரம் வைத்த அதே வயது ஸ்பீக்கர்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன.

வரைபடத்துக்கு வருகிறேன். கேட்டால் உங்கள் தரப்பிலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: தொழில் ரகசியம். உங்கள் துறையின் பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை. பிரிட்டிஷ் பொறியாளர் டி.டி.என். வில்லியம்சன் 1947இல் தன்னுடைய 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரின் முழுச் சுற்றையும், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எப்படி இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்து, 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்டார். உலகம் முழுவதும் அதைச் செய்துபார்த்தார்கள். உயர்தர ஒலி என்ற ஆசையே பல வீடுகளுக்கு அப்படித்தான் போனது. நம் காலத்தில் அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ், தான் விற்கும் கருவிகளின் சுற்றுகளையே விளக்கக் கட்டுரையோடு பொழுதுபோக்காளர்களுக்குக் கொடுக்கிறார். அவர் நிறுவனம் அதனால் நொடித்துப்போகவில்லை. 1970களில் பிபிசி, ஒலிபரப்பு வண்டிக்குள் வைக்க எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்து, ஒரே விவரக்குறிப்பின்படி பல நிறுவனங்கள் செய்ய உரிமம் கொடுத்தது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பலர் செய்தார்கள், எல்லாமே விற்றன. பழைய ஜோடிக்கு இன்றைக்கும் போட்டி போட்டு விலை கொடுக்கிறார்கள். ரகசியத்தை வைத்துத்தான் மரியாதை என்றால் இந்த மூன்றும் நடந்திருக்கக் கூடாது.

காப்பியடிப்பார்கள் என்கிறீர்கள். காப்பியடிப்பவனுக்கு உங்கள் வரைபடம் தேவையே இல்லை. ஒரு கருவியை வாங்கிப் பிரித்து, போர்டைப் படமெடுத்து, ஒரு மாதத்தில் செய்துவிடுவான். வரைபடம் இல்லாமல் திண்டாடுவது பழுதுபார்ப்பவன் மட்டும்தான். திண்டாட்டம் என்பதுகூட மென்மையான சொல். 60 வோல்ட்டில் நிரம்பிய நான்கு 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர்களில் 72 ஜூல் ஆற்றல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும். அதை வடிக்கும் ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்களா, எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று தெரியாமல் ஒருவன் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே கைவிடுகிறான். அவன் பாதுகாப்பு உங்கள் ரகசியத்தைவிட மலிவானதா?

கேபிள் விஷயத்தை அதிகம் பேசப்போவதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஸ்பீக்கர் வரை ஐந்து மீட்டர் இழுத்தால், போக வர மொத்த மின்தடை 0.08 ஓமைத் தாண்டாது. அதைப் பாம்புத்தோல் உறையில் போட்டு ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கு விற்பவர்கள் உங்களில் சிலர்தான். அந்தப் பணத்தை வாடிக்கையாளர் ஒழுங்கான எர்த் போடவும், இடிதாங்கும் சர்ஜ் பாதுகாப்புக்கும் செலவழித்திருந்தால் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்.

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். உதிரிபாகம், கையேடு, பழுது விவரம் எல்லாவற்றையும் நிறுவனங்களே அங்கே தரலாம். வீட்டு உபயோகப் பொருளில் ஆம்ப்ளிஃபையரும் சேர்த்திதான் என்று நீங்களே முன்வந்து சேர்ந்துகொள்ளலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்.

நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். சுற்று வரைபடமும், ஒவ்வொரு முக்கிய முனையிலும் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்ற குறிப்பும், பயாஸ் எத்தனை மில்லிவோல்ட்டில் வைக்கவேண்டும் என்பதும். தாள் செலவு என்றால் அடித்தட்டில் அச்சிட்டுவிடுங்கள், அங்கே இடம் நிறைய இருக்கிறது. பசையை ஊற்றி மூடிய மாட்யூல்கள் போடுவதை விட்டுவிடுங்கள். அல்லது விற்பனையை நிறுத்திய பிறகு பத்து வருடமாவது அந்த மாட்யூலைத் தனியாகக் கொடுங்கள். ஐசி சில்லின் முதுகில் இருக்கும் எண்ணைச் சுரண்டி அழிக்கும் வழக்கம் மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெயர் தெரிந்தால் என்ன கெட்டுவிடும்?

அப்படிச் சுரண்டிய ஒன்று இப்போது எங்கள் மேசையில் கிடக்கிறது. புனலூர்க்காரர் ஒருவருடையது; வெளிநாட்டு ஆம்ப்ளிஃபையர், இடியில் போனது. நிறுவனத்துக்கு எழுதினார். கருவியைக் கப்பலில் அனுப்பினால் முழு போர்டையும் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்; அவர்கள் சொன்ன தொகை புதுக் கருவியின் விலையில் பாதியைத் தாண்டியது. டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் நன்றாக இருக்கின்றன. பாதுகாப்புப் பகுதியில் எட்டுக் கால் ஐசி ஒன்று மட்டும் போயிருக்கிறது. பின்புறத் தட்டின் படத்தைக் கேட்பவருக்கு அனுப்புகிறேன். அது உங்களில் யாருடைய வடிவமைப்போ அவர் அந்த ஐசியின் எண்ணை மட்டும் சொன்னால், எட்டு நாளில் கருவியைப் புனலூர்க்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் ஒருவன்,
செங்கோட்டை.