ஆண்டறிக்கை: ராலி அணிகள் ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் நம் மன்றத்தின் உதவித் திட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கோவை வட்டாரத்திலிருந்து ராலி என்ற சாலைக் கார் பந்தயத்துக்கு வரும் இளம் ஓட்டுநரும், பக்கத்தில் அமர்ந்து வழி சொல்லும் நேவிகேட்டரும் கொண்ட ஜோடி ஒன்றுக்கு டயர், எரிபொருள், நுழைவுக் கட்டணம் ஆகிய செலவுகளில் மன்றம் கைகொடுக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றினோம். விண்ணப்பிப்பவர்களில் தகுதியானவரை எதைக் கொண்டு அறிவது என்பதை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைச் செயற்குழுவிடம் விட்டிருந்தீர்கள். இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் அந்த ஒரே பொருளைச் சுற்றியே அமைந்தன. உலக ராலி சாம்பியன்ஷிப்பில் பெரிய அணிகள் ஓட்டுநர்களை எடைபோட்ட விதத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். அவ்வாறு பேசியதில் தெளிந்தவற்றையும், அவற்றின் அடிப்படையில் செயற்குழு வகுத்திருக்கும் விதிகளையும் இந்த அறிக்கையில் வைக்கிறேன்.

முதலில், ஒவ்வொரு ஸ்டேஜிலும், அதாவது நேரம் கணக்கிடப்படும் சாலைத் துண்டிலும், ஓட்டுநர் எடுத்த நேரத்தைப் பதிவு செய்யும் நேரத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் ஓட்டுநரின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்று நினைத்து வந்தோம். அணிகளும் நேரத்தாளைப் பார்க்கின்றன. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஸ்டேஜ்களின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், மொத்த விநாடிகளை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி பின்தங்கினார் என்று கணக்கிடுகிறார்கள். 20 கிலோமீட்டர் ஸ்டேஜில் 10 விநாடி இழந்தவர் கிலோமீட்டருக்கு அரை விநாடி இழந்திருக்கிறார். 8 கிலோமீட்டர் ஸ்டேஜில் அதே 10 விநாடியை இழந்தவரின் நிலை அதைவிட மிக மோசம். அடுத்து, அவர் எத்தனையாவது காராகப் புறப்பட்டார் என்று பார்க்கிறார்கள். உலக சாம்பியன்ஷிப்பின் மண்சாலைப் போட்டிகளில் புள்ளிப்பட்டியலில் முன்னிலையில் இருப்பவரே முதல் நாளில் முதலாவதாகப் புறப்பட வேண்டும். சாலையின் மேல் கிடக்கும் உதிரி மண்ணையும் பொடிக்கல்லையும் அவருடைய டயர்கள் ஒதுக்கித் தள்ள, பின்னால் வருபவர்களுக்குப் பிடிமானம் கூடுகிறது. அந்த நிலையில் முதல் ஆள் நான்காவது இடத்தில் முடித்தால், அணி மேலாளர்கள் அதைப் பாராட்டத்தக்க ஓட்டமாகவே குறித்துக்கொள்கிறார்கள். நம் பகுதியில் இதற்கு நேர்மாறாக, முன்னால் போன கார் எழுப்பிய புழுதி அடங்காமல் நிற்கும் ஸ்டேஜில் பின்னால் வரும் இளைஞர்கள்தான் நேரத்தை இழக்கிறார்கள். நேரத்தாளில் அந்தப் புழுதிக்கு இடமில்லை. அங்கே சாலையோரத்தில் நின்று போட்டியைக் கண்காணித்த மார்ஷல்களுக்குத்தான் அது தெரியும். நம் உறுப்பினர்களில் பலர் மார்ஷல்கள் என்பது இந்த வேலையில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி.

இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் எஞ்சி நிற்கும் நம்பகமான அளவுகோல், அதே காரை ஓட்டும் அணித்தோழருடன் ஒப்பிடுவதுதான். இந்திய ஓட்டுநர் கௌரவ் கில்லின் கதை இதற்கு நல்ல சான்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் அணிக்காக ஸ்கோடா ஃபாபியா ஓட்டி, 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் பட்டத்தை அவர் வென்றபோது, அதே அணியில் அதே வகைக் காருடன் வெளிநாட்டு ஓட்டுநர்களும் இருந்தார்கள். அதனால் கார் நன்றாக இருந்ததால் வென்றார் என்று யாரும் சொல்ல வழியில்லாமல் போயிற்று. 2019இல் அர்ஜுனா விருது பெற்ற முதல் மோட்டார் பந்தய வீரராக அவர் ஆனதில் இந்த ஒப்பீட்டுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டவர் எஸ்டோனியாவின் ஓட் டேனக். விபத்துகளை எப்படிக் கணக்கில் எடுப்பது என்ற கேள்வியில் உறுப்பினர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றதே அதற்குக் காரணம். இளம் ஓட்டுநர்களுக்கான பிரெல்லி நிறுவனத்தின் திட்டத்தில் தேர்வாகி மேலே வந்த டேனக், 2012இல் எம்-ஸ்போர்ட் அணியின் ஃபோர்டு காரில் முழுப் பருவமும் ஓட்டினார். வேகம் இருந்தது, அதற்கு ஈடாக விபத்துகளும் இருந்தன, ஆண்டு முடிவில் அணி அவரை விட்டுவிட்டது. 2015இல் அதே அணி மீண்டும் அழைத்துக்கொண்டது. அந்த ஆண்டு மெக்சிகோ ராலியில் அவருடைய கார் சாலையிலிருந்து விலகி நீர்த்தேக்கத்துக்குள் இறங்கி முழுவதுமாக மூழ்கியது. அவரும் நேவிகேட்டரும் நீந்திக் கரையேறினார்கள். வெளியே இழுக்கப்பட்ட காரை மெக்கானிக்குகள் சீர்செய்து கொடுக்க, இருவரும் மறுநாள் புறப்பட்டு ராலியை முடித்தார்கள். 2016இல் முதன்மை அணியில் இடமில்லாமல், டிமேக் டயருடன் துணை அணியில் ஓட்டினார். போலந்தில் முன்னிலையில் சென்றுகொண்டிருந்தவர் இறுதி நாளில் டயர் பஞ்சராகி வெற்றியைப் பறிகொடுத்தார். 2017இல் எம்-ஸ்போர்ட் முதன்மை அணிக்குத் திரும்பி, சார்டினியாவில் முதல் வெற்றியைப் பெற்றார். 2019இல் டொயோட்டாவில் உலக சாம்பியன் ஆனார். 2004 முதல் 2018 வரை செபாஸ்டியன் லோப், செபாஸ்டியன் ஓஜியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களே பகிர்ந்துகொண்டிருந்த பட்டம் அன்றுதான் கைமாறியது.

விபத்து செய்பவரை ஒதுக்க வேண்டும் என்ற வாதத்துக்கும், வேகமுள்ளவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்துக்கும் இந்த ஒரே வாழ்க்கையில் ஆதாரம் கிடைக்கிறது. செயற்குழு இதில் எடுத்த நிலைப்பாடு என்னவென்றால், விபத்துகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் காரணத்தைப் பார்க்க வேண்டும் என்பதாகும். சாலையின் வளைவுகளை முன்கூட்டியே குறித்துவைக்கும் பேஸ் நோட்ஸில் வளைவு தவறாக எழுதப்பட்டிருந்ததா, சரியாக எழுதியதை நேவிகேட்டர் தாமதமாக வாசித்தாரா, வாசித்ததைக் கேட்டும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லையா, அல்லது காரின் பாகம் முறிந்ததா என்பவை நான்கு வேறு குறைகள். முதல் இரண்டைப் பயிற்சியால் சரிசெய்யலாம். மூன்றாவது ஒரே ஓட்டுநரிடம் திரும்பத் திரும்ப வந்தால், அவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் மன்றத்தின் பணத்தை அவரிடம் ஒப்படைப்பது அவருக்கும் நல்லதல்ல, பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் நல்லதல்ல.

நிதானமான ஓட்டத்துக்கு ஒரு பட்டமே கிடைத்த ஆண்டும் உண்டு. 2001இல் ரிச்சர்ட் பர்ன்ஸ் நியூசிலாந்தில் பெற்ற ஒரேயொரு வெற்றியுடன் உலக சாம்பியன் ஆனார். கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்குத் தரப்படும் உற்பத்தியாளர் பட்டத்துக்கான விதியும் அணிகளின் தேர்வை வெகுவாக மாற்றுகிறது. இப்போதைய நடைமுறையில் ஓர் அணி மூன்று ஓட்டுநர்களை அறிவித்து, அவர்களில் சிறந்த இருவரின் புள்ளிகளை எடுத்துக்கொள்வதால், மூன்றாவது இருக்கையில் சற்றுத் துணிந்து ஓர் இளைஞரை அமர்த்திப் பார்க்க இடம் இருக்கிறது. 2004இல் இரண்டு பேருக்கு மட்டுமே புள்ளி என்று விதி மாறியபோது, அதற்கு முந்தைய ஆண்டு லோப், கார்லோஸ் சைன்ஸ், காலின் மெக்ரே மூவரையும் வைத்திருந்த சிட்ரோயன், 1995இன் உலக சாம்பியனான மெக்ரேயை விட்டுவிட்டு மற்ற இருவரைத் தக்கவைத்துக்கொண்டது.

ஒரு காலத்தில் அணிகள் ஒவ்வொரு நாட்டுச் சாலைக்கும் அந்தச் சாலையை அறிந்தவரைத் தேடின. கென்யாவின் சஃபாரி ராலியை 1965, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் ஜோகிந்தர் சிங்கும், 1973இலும் பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் ஷேகர் மேத்தாவும் வென்றார்கள். இருவருமே இந்திய வம்சாவளியினர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தார்ச்சாலைக்கென்று ஜில் பனிட்ஸியை பெஜோ அணி வைத்திருந்ததும் இதே முறைதான். 2004இல் நார்டிக் நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த முதல் ஆளாக லோப் சுவீடன் ராலியை வென்ற பிறகு, எல்லாச் சாலையிலும் ஓட்டத் தெரிந்தவரையே அணிகள் தேடத் தொடங்கின.

காரைப் பற்றிப் பேசத் தெரிந்த ஓட்டுநருக்கு அணிகள் தரும் இடம் பற்றி, நம் உறுப்பினர்களில் மெக்கானிக்குகளாக இருப்பவர்கள் மிக ஆர்வத்துடன் பேசினார்கள். சோதனை ஓட்டத்தில் ஒரே சாலைத் துண்டைப் பலமுறை ஓட்டச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஷாக் அப்சார்பரிலோ, சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியலிலோ ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓட்டுநர் என்ன உணர்கிறார் என்று பொறியாளர்கள் கேட்கிறார்கள். அவருடைய ஓட்டம் முறைக்கு முறை மாறிக்கொண்டே இருந்தால், நேரம் குறைந்ததற்குக் காரணம் பாகமா ஆளா என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனையே வீண். ஆகவே பத்து முறை ஓட்டினாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தைக் கொண்டுவருபவர் அணிக்கு ஒரு கருவியைப் போலப் பயன்படுகிறார். எம்.ஆர்.எஃப். நிறுவனம் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பில் தன் டயர்களை மேம்படுத்த முனைந்தபோது 2020இல் அயர்லாந்தின் கிரெய்க் பிரீனைத் தேர்ந்தெடுத்தது இந்தத் திறமைக்காகத்தான். 2022இல் அதே டயர்களில் ஓடிய ஸ்பெயினின் எஃப்ரென் யரேனா ஐரோப்பிய சாம்பியன் ஆனார். நம் மாநிலத்து நிறுவனம் ஒன்றின் டயர் அந்தக் கண்டத்தின் பட்டத்தைத் தொட்டது. பிரீன் 2023 ஏப்ரலில் குரோவேஷியா ராலிக்கான சோதனை ஓட்டத்தில் உயிரிழந்தார். அவருக்கு மன்றம் தன் அஞ்சலியை இங்கே பதிவு செய்கிறது.

இனி, புதியவர்களைக் கண்டெடுக்கும் முயற்சிகளுக்கு வருகிறேன். பிரான்சின் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்திய இளைஞர் தேர்வில் 2005இல் வென்றவர் ஓஜியே. 2008இல் அவர் ஜூனியர் உலக சாம்பியன் ஆனார். அதே தேர்வில் 1990களில் ஒருமுறைக்கு மேல் கலந்துகொண்டும் லோப் வெல்லவில்லை. அவரிடம் இருந்ததைக் கண்டுகொண்டு பணமும் காரும் திரட்டிக் கொடுத்தவர்கள் அவர் ஊரான அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த சில ராலி ஆர்வலர்கள். 1999இல் சிட்ரோயன் சாக்ஸோ கோப்பையை வென்று, 2001இல் சான்ரெமோ ராலியில் சிட்ரோயனின் உலக ராலி காரில் இரண்டாம் இடம் பெற்று, பிறகு ஒன்பது உலகப் பட்டங்களை அவர் வென்றார். நம் மன்றத்தைப் போன்ற சிறிய அமைப்பு இப்பணியில் இறங்குவது வீணல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரத்தை நான் தேடவில்லை.

பொறுமையும் தேவை. மூடிய தடத்தில் நடக்கும் சர்க்யூட் பந்தயத்திலிருந்து வந்த ஜப்பானியரான தகமோட்டோ கட்சுட்டாவை டொயோட்டா 2015இல் தேர்ந்தெடுத்து, பின்லாந்துக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தது. உலக ராலியில் அவர் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது 2021 சஃபாரியில்தான். சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. உலகெங்கும் 17 முதல் 26 வயதுடையவர்களுக்கு நடத்திய ராலி ஸ்டார் தேர்வின் வழியாக வந்த எஸ்டோனியாவின் ரோமெட் யுர்கென்சன், 2024இல் ஜூனியர் உலக சாம்பியன் ஆனார். சிறுவயதிலேயே தந்தையின் தயவால் காரில் அமர்ந்த பின்லாந்து ஓட்டுநர் கல்லே ரோவன்பெராவைப் போல எல்லோருக்கும் தொடக்கம் அமைவதில்லை என்பதால், இத்தகைய திறந்த தேர்வுகளை மன்றம் மனதார வரவேற்கிறது.

பெண்கள் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டு வந்த கடிதத்துக்கு, தாராளமாக விண்ணப்பிக்கலாம் என்று உடனே பதில் எழுதினோம். ஆவ்டி அணி தேர்ந்தெடுத்த மிஷேல் மூட்டோன் 1981இல் சான்ரெமோவை வென்றார். 1982இல் மூன்று உலக ராலிகளை வென்று சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் பெற்றார். அவருக்கு நேவிகேட்டராக இருந்தவரும் ஃபாப்ரிட்ஸியா பொன்ஸ் என்ற பெண்தான்.

இவற்றின் அடிப்படையில் செயற்குழு பரிந்துரைக்கும் விதிகள் வருமாறு. ஓட்டுநர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. நேவிகேட்டருடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். லோப்பின் ஒன்பது பட்டங்களிலும் டேனியல் எலெனா பக்கத்தில் இருந்தார் என்பதை விண்ணப்பதாரர்கள் நினைவில் கொள்வது நல்லது. மிகச் சிறந்த ஸ்டேஜின் நேரத்தை மட்டும் தராமல், கலந்துகொண்ட போட்டிகளின் எல்லா ஸ்டேஜ் நேரங்களையும் தர வேண்டும். பேஸ் நோட்ஸ் வாசிக்கும் குரல் தெளிவாகக் கேட்கும்படி, காருக்குள் எடுத்த முழு ஸ்டேஜ் காணொளி ஒன்றும், அந்த ஸ்டேஜுக்காக ரெக்கியில், அதாவது போட்டிக்கு முன் சாலையைப் பார்வையிடும் ஓட்டத்தில், எழுதிய நோட்டுப் புத்தகமும் சேர்ந்து வர வேண்டும். பாதியில் விலகிய ஒவ்வொரு போட்டிக்கும் காரணத்தை ஜோடியே தம் கையால் எழுதித் தர வேண்டும். அந்தப் பக்கத்தைத்தான் தேர்வுக்குழு முதலில் படிக்கும். பெரும் தொகை கொண்டுவரும் ஓட்டுநருக்கு இருக்கை தருவது உலக அளவிலும் நடக்கிறது; நம் திட்டத்தில் விண்ணப்பதாரரின் குடும்ப வசதி பார்க்கப்பட மாட்டாது. தேர்வான ஜோடிக்கு ஒரே போட்டியோடு உதவியை நிறுத்தாமல் முழுப் பருவத்துக்கும் வழங்க வேண்டும் என்பதும் பரிந்துரையில் அடங்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து முன்வைப்பார். மாதக் கூட்டங்களுக்கு இடம் கொடுத்த உறுப்பினருக்கும், பழைய நேரத்தாள்களைத் தேடி எடுத்துத் தந்த மூத்த மார்ஷல்களுக்கும், பேஸ் நோட்ஸ் எழுதும் முறையை விளக்கிய நேவிகேட்டர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன். மேற்கண்ட விதிகளை விவாதித்து, தேவையான திருத்தங்களுடன் ஒப்புதல் அளிக்குமாறும், தேர்வுக்குழு உறுப்பினர்களை இந்தக் கூட்டத்திலேயே நியமிக்குமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்