மெருகு போட்டால் போட்டதாகச் சொல்லுங்கள்

பழைய பங்க் ராக் ஆல்பங்களையும் மேடைப் பதிவுகளையும் மறுபடி வெளியிடும் ரெக்கார்டு கம்பெனிக்காரர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் தட்டுகளுக்கு இந்தத் தெருவில் ஒரு வாடிக்கையாளன் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தட்டின் விலை ஒரு பங்கு என்றால் தபாலும் சுங்க வரியும் கிட்டத்தட்ட இன்னொரு பங்கு. அப்படியும் வாங்குகிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

பங்க் என்கிற இந்த முரட்டு வேக ராக் இசைப் பைத்தியம் பிடித்தது ஏற்காட்டில். அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்த நண்பன் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். யாரோ பதிந்ததிலிருந்து இன்னொருவர் பதிந்து, அதிலிருந்து இவன் பதிந்தது. ஒரு பக்கம் முழுக்க ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் பேண்டின் 'இட்ஸ் அலைவ்': 1977 டிசம்பர் 31 இரவு, லண்டன் ரெயின்போ தியேட்டரில் நடந்த கச்சேரி. 28 பாட்டு, சுமார் 54 நிமிடம். கேசட்டின் ஒரு பக்கத்தில் பிடித்ததோ 45 நிமிடம்தான். ஒரு பாட்டின் நடுவே டக்கென்று நின்றுவிடும். பல வருடம் எனக்கு அந்தக் கச்சேரி அங்கேயே முடிந்தது. பிறகு சி.டி. வாங்கி முழுசாகக் கேட்டபோது, அந்த இடம் வந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட கை தானாக நீண்டது.

இன்றைக்கும் ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் காதில் அதுதான். 20 கொண்டை ஊசி வளைவு, 28 பாட்டு. ஒரு பாட்டு முடிந்து மூச்சு விடுவதற்குள் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' என்று அந்த பேண்டின் டீ டீ ரமோன் கத்த, வளைவில் டிரைவர் ஹாரன் அடிக்க, ஏரி வருவதற்குள் இரண்டு பேருமே களைத்துவிடுவார்கள்.

2019-ல் அந்த ஆல்பத்தின் 40-வது வருடத்துக்கு, அதே வாரத்தில் பதிவான நான்கு கச்சேரிகளையும் ஒரே பெட்டியாகப் போட்டீர்கள். பர்மிங்ஹாம், ஸ்டோக், அயில்ஸ்பரி, கடைசியாக லண்டன். "ஒரே கச்சேரியை நாலு தடவை கேட்க உனக்கென்ன கிறுக்கா?" என்று தம்பி கேட்டான். அவனும் கொலுசு செய்கிறவன்தான். ஒரே அச்சில் ஒரே ஆள் செய்த நாலு ஜோடியைக் கையில் வைத்துப் பார்த்தால் நாலும் ஒன்றாகவா இருக்கிறது? அந்தப் பெட்டிக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு.

சரி, குறைக்கு வருகிறேன். போன வருடம் ஒரு மேடைப் பதிவு வாங்கினேன். எந்த பேண்ட், யார் வெளியீடு என்பதை விட்டுவிடுகிறேன். ஏதோ ஒரு ஊரின் ஒரே இரவுக் கச்சேரி என்று நினைத்துத்தான் காசு கொடுத்தேன். கேட்டால், பாட்டுக்குப் பாட்டு மண்டபமே மாறுகிறது: ஒன்றில் டிரம்ஸ் பக்கத்தில் அடிக்கிறது, அடுத்ததில் கிணற்றுக்குள் அடிக்கிறது. ஒட்டு தெரியாமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஒரே கைத்தட்டலைப் பூசியிருக்கிறார்கள். நடுவில் பாடகர் ஜனங்களோடு பேசியது, கிடார் தந்தி அறுந்தது, யாரோ கத்தியது, எதுவும் இல்லை. போதாததற்கு மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை நறுக்கி, எல்லாம் ஒரே மட்டத்துச் சத்தம். பத்து நிமிடத்தில் காது வலித்தது. அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

எங்கள் பட்டறையில் பழைய கொலுசுக்கு மெருகு போடக் கொடுத்தால், போடுவதற்கு முன்னால் ஒரு எடை, போட்டபின் ஒரு எடை. மெருகில் கொஞ்சம் வெள்ளி தேயத்தான் செய்யும். எவ்வளவு தேய்ந்தது என்று சீட்டில் எழுதித்தான் கையில் கொடுப்போம். உங்களிடம் நான் கேட்பதும் அந்தச் சீட்டைத்தான்.

தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஸ்டூஜஸ் பேண்டின் 'ரா பவர்' ஆல்பம் 1973-ல், ஒரு பாட்டு தவிர, பாடகர் டேவிட் போவி மிக்ஸ் செய்து (தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்த்து) வந்தது. 1997-ல் அந்த பேண்டின் பாடகர் இக்கி பாப் தானே உட்கார்ந்து, சத்தம் காட்டும் மீட்டரின் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிற அளவுக்குச் சத்தத்தை ஏற்றி மறுபடி மிக்ஸ் செய்தார். ஆனால், தான் செய்ததை ஒளிக்கவில்லை. 2010-ல் போவியின் மிக்ஸ் திரும்ப வந்தது. எனக்கு இரண்டுமே பிடிக்கும். மழை நாளில் 1997, மற்ற நாட்களில் போவி. எது எது என்று தெரிந்திருப்பதால்தான் அப்படி மாற்றி மாற்றிக் கேட்க முடிகிறது.

இரைச்சலை நீக்கிவிட்டோம் என்று பெருமையாகப் போடுகிறீர்களே, பேட் பிரெய்ன்ஸ் பேண்டின் முதல் ஆல்பம் 1982-ல் கேசட்டாக மட்டுமே வந்தது. அதில் கேசட்டின் இரைச்சலும் அந்த ஆல்பத்தோடு சேர்ந்ததுதானே?

இதெல்லாம் புதுக் கோரிக்கையும் அல்ல. பஸ்காக்ஸ் என்ற பேண்ட் 1977 ஜனவரியில் தாங்களே கடன் வாங்கி ஆயிரம் பிரதி போட்ட நாலு பாட்டுத் தட்டின் உறையில், எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (எத்தனையாவது தடவை வாசித்துப் பதிந்தது), மேலே கிடார் சேர்த்ததா இல்லையா என்றுகூட எழுதியிருந்தார்கள். ஃபுகாசி பேண்டின் எண்ணூறுக்கும் மேற்பட்ட கச்சேரிப் பதிவுகளை டிஸ்கார்ட் என்ற கம்பெனி 2011-ல் ஐந்து டாலர் கணக்கில் கொடுக்கத் தொடங்கியது. தேதி, மண்டபம், வாசல் டிக்கெட் விலை, பதிந்தது கேசட்டிலா வேறெதிலா என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகமே இருக்கிறது. கையில் காசில்லாதவர்களும் சின்னக் கம்பெனியும் செய்ததை நீங்கள் செய்ய முடியாதா?

கண்ணகி சிலம்பைப் போட்டு உடைத்த பிறகுதான் உள்ளே இருந்தது மாணிக்கப் பரல் என்று பாண்டியனுக்குத் தெரிந்தது. உங்கள் பெட்டியும் அப்படித்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கேட்டால்தான் உள்ளே எந்த மிக்ஸ் என்று தெரிகிறது. கிழித்ததைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். அதனால் எந்த டேப்பிலிருந்து எடுத்தது, எந்த ஊர், எந்தத் தேதி, யார் மிக்ஸ், எதை வெட்டினீர்கள் என்பதைப் பின்னட்டையில் வெளியே தெரிகிற மாதிரி அச்சடியுங்கள். இடம் போதாது என்றால், முன்னால் 'ரீமாஸ்டர்டு' (ஒலியைப் புதிதாகச் சீர்செய்தது) என்று தங்க நிறத்தில் ஒட்டுகிறீர்களே, அந்த ஸ்டிக்கரில் எழுதுங்கள். அது நல்ல பெரிசாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரன்