கேட்டுவிட்டு இறங்கிய போர்

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. காலையில் கோட்டை மைதானம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ ஒன்று சொன்னாய். ஹிட்லர் ஒவ்வொரு நாடாக விழுங்கிக்கொண்டிருந்தபோது நீ இருக்கிற அமெரிக்கா ரெண்டு வருஷம் உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்தியது, ஜப்பான்காரன் தலையில் குண்டு போட்ட பிறகுதான் எழுந்தது என்றாய். பதில் சொல்வதற்குள் பாப்பா அழுதாள், நீ போனை வைத்துவிட்டாய். இது போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

31 வருஷம் பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்தினேன். "1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அமெரிக்கா போரில் இறங்கியது." இந்த ஒரு வரியைப் போர்டில் எழுதிப்போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். ரிட்டையரான பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேருடைய தூக்கமில்லாத இரவுகள் இருந்தன என்று தெரிந்தது. அவ்வளவு பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லாமல் விட்டேனே என்ற குறை எனக்கு உண்டு. உனக்காவது சொல்கிறேன்.

முதலில், "நமக்கு எதற்கு இந்தச் சண்டை" என்று சொன்னவர்களைக் கோழைகள் என்று எடுத்துக்கொள்ளாதே. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அந்த நிலைமைதான் அவர்களுக்கு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916ல், தேர்தலில் ஜனாதிபதி வில்சனுக்காக ஓட்டுக் கேட்டவர்கள், நம்மைப் போரில் இழுத்துவிடாமல் காப்பாற்றியவர் இவர் என்று சொல்லித்தான் கேட்டார்கள். ஐந்தே மாதத்தில், 1917 ஏப்ரலில், அதே வில்சன் போர் அறிவிக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் வந்து நின்றார். 1,16,000 பிள்ளைகள் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தவர்களுக்காவது மரியாதை இருந்ததா? 1932ல் வேலையில்லாமல், தங்களுக்குச் சேர வேண்டிய போனஸ் பணத்தை முன்னாடியே கொடுங்கள் என்று வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார்ந்திருந்த பழைய சிப்பாய்களைக் கண்ணீர்ப்புகை வீசி விரட்டினார்கள். விரட்டியது அவர்கள் இருந்த அதே ராணுவம். பிறகு செனட்டர் ஜெரால்ட் நை தலைமையில் ஒரு கமிட்டி உட்கார்ந்து, முதல் போரில் ஆயுதக் கம்பெனிகளும் வங்கிகளும் எவ்வளவு சம்பாதித்தன என்று கணக்கை வெளியே எடுத்துப் போட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அதைப் படித்தால் எப்படி இருந்திருக்கும்?

1935லிருந்து வரிசையாக வந்த நடுநிலைமைச் சட்டங்கள் அந்த வலியில் பிறந்தவை. இன்னொரு யோசனையும் வந்தது. நம்மைத் தாக்காத நாட்டோடு போருக்குப் போவதானால் நாடு முழுவதும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று இண்டியானாவைச் சேர்ந்த லட்லோ என்பவர் அரசியல் சட்டத்தையே திருத்தப் பார்த்தார். 1938 ஜனவரியில் அதை விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற ஓட்டில் 209க்கு 188 என்று தோற்றுப்போனார். நடைமுறைக்கு ஒத்துவராத யோசனைதான். ஆனாலும் போகிற பிள்ளையைப் பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ என்று ஒருவர் சட்டம் எழுதப் பார்த்தாரே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்த பிறகு வாக்குவாதம் முற்றியது. பிரிட்டனுக்கு ஆயுதம் கடன் கொடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்ட ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பக்கத்து வீடு தீப்பிடித்தால் என் தோட்டத்து ரப்பர் குழாயைக் கொடுப்பேன், குழாய் 15 டாலர், முதலில் காசைக் கொடு என்றா கேட்பேன், தீ அணைந்ததும் குழாய் திரும்பி வந்தால் போதும் என்றார். இதற்கு செனட்டர் டாஃப்ட், போர்த் தளவாடத்தைக் கடன் கொடுப்பது சூயிங்கம் கடன் கொடுப்பது மாதிரி, மென்ற பிறகு அதை யார் திருப்பி வாங்குவார்கள் என்று கேட்டார். இன்னொரு செனட்டர், மொன்டானாவின் வீலர், இந்தச் சட்டம் வந்தால் நான்கு அமெரிக்கப் பையன்களில் ஒருவனை மண்ணுக்குள் உழுது புதைத்துவிடும் என்றார். விலை விழாமல் இருக்க 1933ல் விளைந்து நின்ற பருத்தியை அரசாங்கம் உழுது அழிக்கச் சொல்லியிருந்தது. அதை மனதில் வைத்துச் சொன்னது. உன் ஊரைச் சுற்றியிருக்கிற சோளக்காட்டுக் குடும்பங்களுக்கு அந்தப் பேச்சு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று யோசித்துப் பார். ரூஸ்வெல்ட்டுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சட்டம் 1941 மார்ச்சில் நிறைவேறியது.

நீ சொன்ன மாதிரி அந்த ரெண்டு வருஷமும் வெறும் பேச்சாகப் போகவில்லை. 1939ல் அவர்களுடைய ராணுவத்தில் ரெண்டு லட்சம் பேர்கூட இல்லை. மறுநாளே இறங்கியிருந்தால் எதை வைத்துச் சண்டை போட்டிருப்பார்கள்? 1940 செப்டம்பரில் பிரிட்டனுக்கு 50 பழைய போர்க்கப்பல்கள் போயின. அதே மாதம் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. ஒரு வருஷம்தான் என்று சொல்லிக் கூட்டிப்போன பையன்களை இன்னும் 18 மாதம் இருக்கச் சொல்லும் மசோதா 1941 ஆகஸ்ட் 12ல் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. முகாம் சுவர்களில் பையன்கள் ஆங்கிலத்தில் நான்கு எழுத்தைக் கிறுக்கி வைத்திருந்தார்களாம், அக்டோபர் வந்தால் ஓடிவிடுவோம் என்று அதற்கு அர்த்தம். மசோதா 203க்கு 202 என்று ஜெயித்தது. ஒரே ஒரு ஓட்டு. பேர்ல் ஹார்பருக்கு நான்கு மாதம்கூட இல்லை.

இனி உன் ஊர் கதைக்கு வருகிறேன்.

1941 செப்டம்பர் 11, அயோவா மாநிலத்து டிமாயின் நகரில் கொலிசியம் அரங்கம். 8,000 பேர் கூடியிருந்தார்கள். போர் வேண்டாம் என்று சொன்ன 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' கமிட்டி ஏற்பாடு செய்த கூட்டம். யேல் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த அமைப்பு அது, பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டும் தொடக்கத்தில் அதில் இருந்தார். அன்றைக்கு இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் பேசுவதாக இருந்தது. அவருடைய அம்மா இறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கூட்டம் நடத்தியவர்கள் அந்தப் பேச்சை ஒலிபெருக்கியில் அரங்கத்துக்குள்ளேயே போட்டார்கள். எதிராளியின் பேச்சை முழுசாகக் கேட்கவிட்டு, அப்புறம் தங்கள் ஆட்களை மேடையேற்றினார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு எந்த ஊரில், எந்தக் கட்சி மேடையில் இதைச் செய்வார்கள்?

ரூஸ்வெல்ட் அன்றைக்குச் சொன்னது, கடிக்கத் தயாராக நிற்கிற பாம்பை அது கடிக்கும்வரை விட்டுவைக்க மாட்டோம் என்று. கிரியர் என்ற அமெரிக்கக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது என்றார். அதற்கு முன்னாடி அந்தக் கப்பல்தான் மணிக்கணக்காக நீர்மூழ்கியைப் பின்தொடர்ந்து, அது இருக்கும் இடத்தை பிரிட்டிஷ் விமானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷத் தேர்தலில் பாஸ்டனில், உங்கள் பிள்ளைகளை அந்நியப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார். ஹிட்லரைத் தடுக்க வேண்டும் என்பதில் அவர் பக்கம்தான் நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளையை அனுப்பப்போகிற தாயிடம் பாதி உண்மையைச் சொன்னதை என்னால் ஏற்க முடியாது.

பிறகு லிண்ட்பர்க் எழுந்தார். அட்லாண்டிக் கடலைத் தனி ஆளாகப் பறந்து கடந்தவர், அந்த நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மனிதர். இந்த நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் மூன்று பேர், பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு என்றார். போர் வேண்டாம் என்பதற்கு அத்தனை நியாயமான காரணங்கள் இருந்தும், அடிபட்டுக் கிடக்கிற ஜனங்களைப் பார்த்து விரல் நீட்டினார். அவரோடு நின்ற பலரே முகம் சுளித்தார்கள். அந்த இயக்கத்தின் மேல் அன்று பட்ட கறை இன்றுவரை போகவில்லை. பட்டதும் உன் ஊரில்தான்.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அதற்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை. 1939ல் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் 937 பேர், அநேகமாக எல்லோரும் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள், கிளம்பினார்கள். சிலரைத் தவிர யாரையும் கியூபா இறக்கவிடாததால் கப்பல் ஃபுளோரிடா கரையோரம் வந்தது. மயாமி விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரம். அமெரிக்கா இடம் கொடுக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது, அதில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். அதே வருஷம், ஜெர்மனியிலிருந்து 20,000 குழந்தைகளை மட்டும் அழைத்துக்கொள்ளலாம் என்று வந்த மசோதாவும் சபைக்கே வராமல் செத்துப்போனது. போருக்குப் போவதா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் பேசலாம், பேசத்தான் வேண்டும். வாசலில் வந்து நின்ற பிள்ளைக்குக் கதவைத் திறக்க என்ன விவாதம்? யாருடைய மகனும் துப்பாக்கி தூக்காமலே செய்திருக்கக்கூடிய காரியம் அது. நீ கோபப்படுவதானால் இதற்குக் கோபப்படு, உன்னோடு நானும் கோபப்படுகிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். 1939 செப்டம்பர் 3 அன்று, லண்டனில் போர் அறிவித்த அதே நாளில், இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்துவிட்டார். ஒரு இந்தியத் தலைவரைக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி விலகின, சென்னையில் ராஜாஜி அக்டோபர் கடைசியில் விலகினார். இருந்தும் 25 லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். வட ஆற்காட்டில் எத்தனையோ ஊர் அப்படிக் காலியானது. உன் தாத்தா அதில் ஒருவர், பர்மா எல்லையில் லாரி ஓட்டினார்.

தகரப்பெட்டியில் அவர் எழுதிய ஒரு போஸ்ட்கார்டு இன்னும் இருக்கிறது. நான்கு வரி. "சுகமாக இருக்கிறேன்" என்று ஆரம்பித்து, எங்கே இருக்கிறேன் என்று எழுதின இடத்தில் தணிக்கைக்காரர் பூசின கறுப்பு மை. அந்த மை தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா, தாத்தாவைப் பெற்றவள், அதை எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது கொடுத்து, இதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது பார் என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுவாளாம். பிள்ளை யாரோடு சண்டை போடுகிறான், எதற்குப் போடுகிறான் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை, வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. 1941ல் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்து எல்லா ஜனங்களுக்கும் தங்கள் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று அறிக்கை விட்டார்கள். அடுத்த மாதமே சர்ச்சில், அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பாவை மனதில் வைத்துச் சொன்னது, நம் பேரரசு வேறு விஷயம் என்று பார்லிமெண்டில் சொல்லிவிட்டார். பிரிட்டனுக்காகச் சண்டை போட்டால் அதன் சாம்ராஜ்யத்துக்காகவும் சண்டை போட்டதாகத்தானே ஆகும் என்று அமெரிக்காவில் கேட்டவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் குமார், பட்டிமன்றம் நடத்தினார்கள் என்று நீ சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பட்டிமன்றம் நமக்குக் கிடைக்கவில்லை. அயோவாவில் சோளம் விதைக்கிற ஒரு தாய் கூட்டத்துக்குப் போகலாம், செனட்டருக்குத் தபால் போடலாம், என் பிள்ளையை ஏன் கேட்கிறாய் என்று ஜனாதிபதியையே திட்டலாம். என் ஆயாவால் ஒரு போஸ்ட்கார்டை வெயிலில் பிடித்துத்தான் பார்க்க முடிந்தது.

1941 டிசம்பர் 7ல் பேர்ல் ஹார்பரில் 2,400 பேர் செத்தார்கள். மறுநாள் பிரதிநிதிகள் சபையில் போர் அறிவிக்க நடந்த ஓட்டு 388க்கு 1. நான்கைந்து நாளில் அமெரிக்கா ஃபர்ஸ்ட் கடையைக் கட்டியது. வருஷக்கணக்கில் சண்டை போட்டவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள், எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த ஒருவரைத் தவிர.

அவர் ஜெனட் ராங்கின், மொன்டானாக்காரர், அந்த நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1917லும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர். அன்று அவரோடு 49 பேர் இருந்தார்கள், இந்தத் தடவை யாரும் இல்லை. உட்காரு என்று கத்தினார்கள். பெண் என்பதால் நான் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன் என்றார். வெளியே வந்தபோது கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஒரு டெலிபோன் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு போலீஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சொந்தத் தம்பிகூட அன்று அவருக்குத் துணை நிற்கவில்லை. காந்தியின் மேல் பிரியம் வைத்து பிற்பாடு பல தடவை இந்தியா வந்துபோனார். நான் அந்தச் சபையில் இருந்திருந்தால் போருக்குச் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வந்திருக்குமா, தெரியவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். கான்சஸில் எம்போரியா என்ற சின்ன ஊரில் பத்திரிகை நடத்திய வில்லியம் ஆலன் ஒயிட். பிரிட்டனுக்கு உதவ வேண்டும் என்று நாடு முழுக்கக் கமிட்டி கட்டியவர், லிண்ட்பர்க்குக்கு நேர் எதிர் அணி. ஓட்டெடுப்பு நடந்த ரெண்டாம் நாள் ராங்கினைப் பற்றித் தன் பத்திரிகையில் எழுதினார். அவர் செய்தது சரியென்று நாங்கள் துளியும் ஒப்பவில்லை, ஆனால் இதைச் செய்ய ஆசைப்பட்ட ஆண்கள் அந்தச் சபையில் நூறு பேர் இருந்திருப்பார்கள், ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, அடடா என்ன வீரம் என்று எழுதினார்.

அந்தப் பத்திரிகை இன்னும் வருகிறது. வரைபடத்தில் பார்த்தேன், உன் ஊரிலிருந்து ஒரு பகல் கார் ஓட்டினால் போய்விடலாம் போல. லீவில் அந்தப் பக்கம் போனால் அந்த ஆபீஸ் வாசலில் பாப்பாவை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தாத்தாவின் போஸ்ட்கார்டை நான் ஸ்கேன் எடுத்துத் தனியாக அனுப்புகிறேன். கறுப்பு மை மேல் விரலை வைக்காமல் எடுக்கத்தான் உன் அப்பாவைக் கூப்பிட வேண்டும்.

குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். பாப்பாவுக்குக் காதை மூடித் தூங்க வை.

அன்புடன்,
அம்மா