குளூட்டனை நிறுத்தும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

குளூட்டன் (கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்) இல்லாத உணவுக்கு மாறியதும் வயிற்று உப்புசம் தணிந்தது, பேதி நின்றது என்று வாசகர்கள் எழுதிய அனுபவங்களை நலவாழ்வுப் பக்கத்தில் படித்தோம். அவர்களுக்குக் கிடைத்த நிவாரணத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒருவர்கூடப் பரிசோதனை செய்துகொண்டதாக எழுதவில்லை. அதுதான் உணவியல் துறையில் இருக்கும் எங்களை உறுத்துகிறது. பரிசோதனை முதலில், பத்தியம் பிறகு. இந்த வரிசை மாறினால் பின்னால் சரிசெய்வது கடினம்.

காரணம் எளிது. குளூட்டனால் தூண்டப்பட்டு உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோயைக் கண்டுபிடிக்க உதவும் டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள், குளூட்டன் சாப்பிடும்வரைதான் ரத்தத்தில் அதிகமாக இருக்கும். கோதுமை, பார்லி, ரை மூன்றையும் நிறுத்திய சில மாதங்களில் அது இறங்கிவிடும், சிறுகுடலின் உட்சுவரும் ஆறத் தொடங்கும். அப்போது சோதித்தால் நோய் இருப்பவருக்கும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். சந்தேகம் தீர வேண்டுமானால் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் உணவைக் குறைந்தது 6 வாரம் சாப்பிட்டுவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். வயிறு சரியாகிவிட்டவர் இதற்குச் சம்மதிப்பாரா? பெரும்பாலும் மாட்டார்.

சோதிக்கும்போது ஐஜிஏ வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவையும் சேர்த்துப் பாருங்கள். சீலியாக் நோயாளிகளில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு ஐஜிஏ போதுமான அளவு உற்பத்தியாவதில்லை. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ முடிவு பொய்யாகவே இயல்பு என்று வரும்; ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனை தேவைப்படும். ரத்தத்தில் நோய்க்கான அறிகுறி தெரிந்தால் அடுத்தது, குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபி. முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு, அதைத் தாண்டி குறைந்தது 4 என்று திசுத் துணுக்குகள் எடுக்க வேண்டும். பாதிப்பு திட்டுத்திட்டாக இருப்பதால், ஒரே துணுக்கை எடுத்துப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 மரபணுச் சோதனை ஓரளவு கைகொடுக்கும், அதற்கும் உணவுக்கும் தொடர்பில்லை. இரண்டும் இல்லாவிட்டால் சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருளல்ல, நோயில்லாத ஏராளமானோருக்கும் அவை உண்டு.

‘குணமானால் போதாதா, பெயர் எதற்கு?’ என்று கேட்பார்கள். சீலியாக் வாழ்நாள் நோய். உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டியிருக்கும். சீலியாக் என்றால் துளி குளூட்டனும் ஆகாது, இல்லையென்றால் அவ்வளவு கெடுபிடியே தேவையில்லை.

சீலியாக் இல்லாதவர்களுக்கு ஏன் வயிறு சரியாகிறது? பல நேரங்களில் குற்றவாளி கோதுமையிலேயே இருக்கும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. நார்வேயில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தாங்களாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்குக் குளூட்டன், ஃப்ரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டங்களை எது எதுவென்று சொல்லாமல் ஏழேழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகத் தொல்லை தந்தது ஃப்ரக்டான்தான். குளூட்டன் கலந்தது, இரண்டும் இல்லாத தின்பண்டத்திலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஃப்ரக்டான் உள்ள வெங்காயத்தையும் பூண்டையும் குறைத்துப் பார்க்காமல் கோதுமையை மட்டும் பழிப்பது பாதி வைத்தியம். கோதுமையோடு சேர்ந்து பிஸ்கட்டும் கேக்கும் பொரித்த தீனியும் தட்டை விட்டுப் போயிருக்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

அனுபவத்தை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேவும் உணவை மாற்றியபோது குழந்தைகள் தேறுவதைக் கவனித்துத்தான் தொடங்கினார். ஆனால் அதோடு நிற்கவில்லை. கோதுமையை நீக்கியும் திரும்பக் கொடுத்தும் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து பார்த்த பிறகே 1950-ல் ஆய்வேடு எழுதினார்.

நோய் உறுதியானவர்கள் கவனிக்க வேண்டியது அளவு. ஒரு பிரெட் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள்) சிதைகின்றன, அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. ‘குளூட்டன் இல்லாதது’ என்ற முத்திரைக்குச் சர்வதேச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம், அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது. ‘கோதுமை இல்லாதது’ என்ற முத்திரை வேறு, அதில் பார்லி மால்ட் இருக்கலாம். மால்ட் பானங்கள், சோயா சாஸ், ரவை, சேமியா ஆகியவற்றில் ஏமாறுபவர்கள் அதிகம். ஓட்ஸில் பிற தானியம் கலக்காதது என்று உறுதி செய்த வகை மட்டுமே சரி, அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைத்த அரிசி மாவு, பிரெட் தூள் ஒட்டிய டோஸ்டர், மைதாப் பண்டம் பொரித்த எண்ணெய், கோதுமை மாவு சலித்த சல்லடை எல்லாம் ஆபத்தே. சூடு குளூட்டனை அழிக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போகும், சல்லடையின் கண்களில் சிக்கியது மட்டும் போகாது. சல்லடையைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

பத்தியம் சரியாக இருந்தும் முதல் சில வாரங்களில் உப்புசம் நீடித்தால் பாலைச் சந்தேகியுங்கள். பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறது, அவை வளரும்வரை பாலைக் குறைத்துத் தயிராகச் சாப்பிடலாம். மலச்சிக்கல் வந்தால் காரணம் பெரும்பாலும் கடைச் சரக்கு. குளூட்டன் இல்லாத பிரெட்டும் பிஸ்கட்டும் பெரும்பாலும் வெறும் ஸ்டார்ச், நார்ச்சத்து குறைவு. முழுத் தானியம், பருப்பு, காய்கறி வழியாக நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்தையாவது எட்ட வேண்டும், படிப்படியாக, தண்ணீரும் கூட்டி. திடீரென்று கூட்டினால் மறுபடி வாயுதான். இரும்புச்சத்து, ஃபோலேட், பி12, வைட்டமின் டி அளவுகளைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

தொல்லைகள் சில வாரங்களில் குறையலாம். ஆனால் பெரியவர்களுக்குக் குடல் ஆற இரண்டு ஆண்டும் ஆகலாம். 6-ஆம் மாதமும் 12-ஆம் மாதமும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் டிடிஜி பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் தேட வேண்டியது தெரியாமல் உள்ளே போகும் குளூட்டனைத்தான். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் பேதி இருந்தால் பத்தியத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள்: இத்தகைய அனுபவங்களை இனி வெளியிடும்போது, எழுதியவர் குளூட்டனை நிறுத்தும் முன் டிடிஜி சோதனை செய்துகொண்டாரா என்பதை ஒரு வரியில் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் சிலர்